நவம்பர் முதல் ஞாயிறு

சரியாகப் பத்து மணிக்கு ரெக்கார்டிங் ஓடத் தொடங்கியது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி வந்ததும் கோகிலா நிமிர்ந்து உட்கார்ந்து, ஆங்கிலத்துக்கு மாறி, "காலை வணக்கம் பூபதி, ஆரம்பிக்கலாமா?" என்றாள். கட்டின புருஷனிடம் கேட்கிற கேள்வியா இது என்று பூபதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், நெஞ்செரிச்சல்தான் வந்தது. மார்ச் கடைசியிலிருந்து அவனுக்கு இந்த நெஞ்செரிச்சல் இருக்கிறது. அசிடிட்டி என்று அதற்குப் பெயர் வைத்து, சட்டைப் பையில் மாத்திரை அட்டையோடு அலைந்துகொண்டிருந்தான். பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான், அதுவும் பெண்டாட்டிமேல் பொறாமை என்றால் கேட்கவே வேண்டாம். அரை மணி நேரம் முன்புதான் இரண்டு பேரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்குமான எலுமிச்சை சாதம் ஒரே டப்பாவில் அவள் பைக்குள் இருக்கிறது. இப்போது இந்தக் கண்ணாடி அறையில் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொள்ள வேண்டும். கேட்டி என்பார்கள் ஐடிக்காரர்கள்; போகிறவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் இருக்கிறவர் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிற சடங்கு. ஆறு நாள் சடங்கில் இன்று கடைசி நாள். போகிறவன் அவன், இருக்கிறவள் அவள். வெள்ளிக்கிழமை அவன் இந்தப் பிளேனோவை விட்டு, டெக்சஸை விட்டு, அமெரிக்காவையே விட்டுக் கனடாவில் வான்கூவருக்குப் போகிறான். அதே கம்பெனி, அதே வேலை, வேறே நாடு. விசா கிடைக்காதவர்களைக் கம்பெனி இப்படி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றுகிறது. ரீலொகேஷன் என்று அதற்கு அழகான பெயர் வைத்து, பூங்காவும் மலையும் கடலும் போட்ட பதினாறு பக்கப் புத்தகம் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். பூபதி அதில் நாலு பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை.

படிப்பை முடித்தவனுக்கு இந்த நாட்டில் மூன்று வருஷம் வேலை பார்க்க அனுமதி உண்டு, அதற்குள் குலுக்கலில் பெயர் விழுந்து வேலை விசா வாங்கிவிட வேண்டும். குலுக்கல் என்றால் சீட்டுப் போட்டுக் குலுக்குகிறதுகூட இல்லை, எங்கோ ஒரு கம்ப்யூட்டர், அதற்கு யாரையும் தெரியாது, யார் எவ்வளவு நேரம் கண்விழித்தான் என்றும் தெரியாது. பூபதி பெயர் மூன்று மார்ச் மாதங்களில் மூன்று முறை போய்வந்தது, மூன்று முறையும் விழவில்லை. கோகிலாவுக்கு முதல் முறையே விழுந்தது. இதில் அவனை அறுப்பது எது என்றால், அவள் இந்த வருஷம் போடுவதாகவே இல்லை. "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குதுங்க மாமா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றுதான் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அவன்தான் விடவில்லை. ரெண்டு பேர் பேரும் போனா வாய்ப்பு ரெண்டு மடங்கு, யாராவது ஒருத்தருக்கு விழுந்தாலும் போதும் அம்மிணி என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தான். அவளுடைய படிவத்தை உட்கார்ந்து நிரப்பியவனும் அவனே, பாஸ்போர்ட் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தவனும் அவனே. குலதெய்வத்தை நினைத்துக்கொண்டபோதுகூட, எங்களில் ஒருவருக்காவது என்றுதான் வேண்டினான், பெரிய மனசுக்காரனாட்டம். சாமியும் சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டது. எனக்கு என்று வேண்டியிருக்கலாம். இல்லை, எனக்கும் என்று வேண்டியிருக்கலாம். சொந்த ஊர் கோபியிலிருந்து அம்மா போனில், "ஏஞ்சாமி, உனக்கு உளுகாம அவளுக்கு எப்படி உளுந்துச்சு? நீ சொல்லிக் குடுத்துத்தான அவ வேலைக்கே போனா?" என்று கேட்டபோது அவன் அம்மாவை அதட்டினான். அதட்டிவிட்டு, குளியலறையில் போய் நின்றுகொண்டு, அம்மா கேட்டதை மனசுக்குள் இன்னொரு முறை கேட்டான், தித்திப்பாக இருந்தது. மாமனார் தெரு முழுக்க மைசூர்பாக்கு கொடுத்தாராம். ஆபீசில் ஒரே கேக்கில் இரண்டு பெயரையும் எழுதிவிட்டார்கள், மேலே கோகிலாவுக்கு வாழ்த்து, கீழே பூபதிக்குப் பிரியாவிடை. ஒரே கத்தியை இரண்டு பேரும் பிடித்து வெட்டினார்கள், எல்லாரும் கை தட்டினார்கள். கல்யாணத்தில்கூட அப்படிச் சேர்ந்து கை பிடித்துப் படம் எடுக்கவில்லை.

"பூபதி, ரூட் கணக்குப் போடும் பகுதியை மறுபடி ஒருமுறை காட்ட முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் கோகிலா. காட்டினான். பள்ளிக்கூடப் பஸ்களை ஓட்டுகிற மென்பொருள் அது. ஓட்டுகிறது என்றால் டிரைவர் ஓட்டுகிறார். எந்தப் பஸ் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு எந்தப் பிள்ளையை ஏற்ற வேண்டும் என்று இது சொல்லும். பதினோரு மாவட்டங்களின் பள்ளிகள், ஆயிரத்துச் சொச்சம் பஸ்கள். காலையில் அம்மாமார் போனுக்கு உங்கள் பிள்ளையின் பஸ் வந்துகொண்டிருக்கிறது என்று செய்தி போவதும் இதிலிருந்துதான். பூபதி இதைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான் என்று சொன்னால் மிகை, ஆனாலும் லீவு நாளில்கூட ஒரு நடை எட்டிப் பார்க்காமல் இருந்தது கிடையாது. இப்போது அதை அவள் கேள்வி கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாள். நன்றாகக் கேட்கிறாள், அதுதான் கஷ்டம். மூன்று மாதம் சமையல் மேடையில் உட்கார வைத்து இன்டர்வியூவுக்குப் பாடம் எடுத்தபோது, ஒரு பதிலைச் சொல்லிவிட்டுச் சரியா என்று அவன் முகத்தைப் பார்ப்பாளே, அந்தப் பெண் எங்கே போனாள்? இந்தக் கோகிலா அவன் எழுதிய ஒரு வரியைக் காட்டி, இதை இப்படி எழுதியதற்குக் காரணம் உண்டா என்கிறாள். காரணம் இல்லை. அன்றைக்குத் தூக்கம் வந்தது, எழுதினான், அவ்வளவுதான். "செயல்திறன்" என்றான் ஆங்கிலத்தில். அவள் தலையாட்டிக் குறித்துக்கொண்டாள், நம்பினாளா என்று தெரியவில்லை. கார் ஓட்டவும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். இன்றைக்கு அவள் ஓட்டும்போது அவனுக்குத் தூக்கம் வருகிறது, அவன் ஓட்டும்போது அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள். எழுதும்போது அவள் வளையல் மேசையில் தட்டுகிறது, அதுவும் ரெக்கார்டிங்கில் விழும். இவன் போன பிறகு யாராவது இதைப் போட்டுக் கேட்டால் இவன் குரலுக்கு நடுவில் டங் டங் என்று அவள் வளையல் கேட்கும்.

அப்போதுதான் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "யாராவது கையால் செய்ய வேண்டிய வேலை ஏதாவது இதில் இருக்கிறதா?" என்று கேட்டாள். பூபதி மவுஸை நகர்த்தி வேறு திரைக்குப் போனான். "தினசரி வேலை எதுவும் கிடையாது" என்றான். பொய் இல்லை. தினசரி கிடையாது. வருஷத்துக்கு இரண்டே நாள். இந்த நாட்டில் கடிகாரத்தை மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுப்பார்கள். நாடு முழுக்கக் கடிகாரம் மாறினாலும் இந்த மென்பொருளுக்கு மட்டும் அது தெரியாது, பழைய நேரத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் உட்கார்ந்து டைம்டேபிளைக் கையால் திருப்பி ஏற்றினால்தான் சரியாகும். ஏற்றாவிட்டால் நவம்பர் திங்கட்கிழமை காலை ஆறரை மணிப் பஸ் ஐந்தரைக்கே போய்விடும். டிரைவர்களுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதா என்றால் தெரியும். ஆனால் கையில் இருக்கிற டேப்லெட் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி. அவன் சேர்ந்து மூன்றாவது மாதத்தில் அப்படித்தான் ஆனது. ஒரு மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் வந்து நிற்கையில் பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஆபீசே தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது புதுப்பையன் பூபதி காரணத்தைக் கண்டுபிடித்தான், கையால் ஏற்றினான், மேனேஜர் கிரெக் எல்லார் முன்னாலும் கட்டிப் பிடித்தார். அந்த ஓட்டையை அவன் இரண்டு நாளில் அடைத்திருக்கலாம், குறைந்தபட்சம் ஒரு பக்கத்தில் எழுதியாவது வைத்திருக்கலாம். செய்யவில்லை. விசா நிச்சயம் இல்லாதவன் அப்படித்தான்; தான் இல்லாமல் நடக்காத ஒரு வேலையைத் தன் கையில் ஒளித்து வைத்துக்கொள்வான், அது இருக்கிறவரை தன்னை அனுப்ப மாட்டார்கள் என்று. அவனைப் போலவே எத்தனை பேர் எத்தனை ஆபீசில் என்னென்ன ஒளித்து வைத்திருக்கிறார்களோ. ஒளித்து வைத்தவனைத்தான் இப்போது அனுப்புகிறார்கள். கம்பெனிக்கு அது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் பூபதி.

சொல்லிவிடலாம், அரை நிமிஷ வேலை. ஐந்து நாளாகத் தினமும் சொல்லத்தான் வருகிறான், சொல்கிற இடம் வந்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஏனென்றால் அந்த இடத்துக்குப் போகிற வழியில் ஒரு சிக்னல் இருக்கிறது. லெகசி சாலை சிக்னல். மே மாதம், மாலை ஆறு மணி, சிவப்பு விழுந்திருந்தது, அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெயிலைப் பார்த்துக்கொண்டே, "நீ இங்கயே இரு அம்மிணி, உளுந்த விசாவ விடக் கூடாது, நான் மட்டும் போய்க்கறேன்" என்றான். தியாகம் செய்கிறவன் எப்படிச் சொல்வானோ அப்படிச் சொன்னான். அவள் அழுவாள், இல்லையென்றால் அடம்பிடிப்பாள், காரை ஓரம் கட்டி நீங்க இல்லாம நான் எப்படி இருப்பேன் என்பாள், அப்புறம் அவன் அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று ஒரு நாடகமே தயாராக வைத்திருந்தான். அவள், "செரிங்க மாமா" என்றாள். சிக்னல்கூட இன்னும் மாறவில்லை. இரண்டு விநாடி இருக்குமா? இரண்டுகூட இருக்காது. பெட்ரோல் போடணும் என்று சொன்னால்கூட அவள் அதைவிடக் கூட நேரம் யோசிப்பாள். முன்னாலேயே யோசித்து வைத்திருந்தாளோ? யாரிடமாவது பேசி வைத்திருந்தாளோ? மாமனாரிடம் பேசியிருப்பாள். அதற்கு ஒரு வாரம் முன்பு அவளே ஒரு யோசனை சொன்னாள், அது இதைவிட மோசம். "என் விசாவுல நீங்க டிபெண்டன்டா இருந்துக்கலாமில்லங்க, வேலைக்குப் போக முடியாதுதான், ஒரு வருசம் ரெஸ்ட் எடுங்களேன்." ரெஸ்ட்! அவள் ஆபீஸ் போவாள், இவன் சாதம் வடித்து, துணி மடித்து, சாயங்காலம் வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். கோபியில் அம்மாவிடம் யாராவது பையன் என்ன பண்ணுறான் என்று கேட்டால் அம்மா என்ன சொல்வாள்? இவன் கண்ணெதிரே இத்தனை வருஷமும் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் பக்கத்து அபார்ட்மென்டுகளில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள், படித்த பெண்கள், அப்போதெல்லாம் அது பூபதிக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. இந்த எண்ணம் வந்ததும் அதை அவன் பிடிக்காத சொந்தக்காரனைப் பார்த்தவன் மாதிரி பார்க்காதவனாகத் தாண்டிப் போனான். இரண்டு விநாடி. அதற்கே திரும்பி வந்தான்.

"ஒரு நிமிஷம்" என்று கோகிலா தண்ணீர் குடித்தாள். மேசைமேல் இருந்த இன்னொரு பாட்டிலை மூடி திறந்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள், ரெக்கார்டிங்கில் இது தெரியாது. அவன் குடிக்கவில்லை. நவம்பர் முதல் திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தான். தானாக வந்த நினைப்புதான், ஆனால் வந்ததை அவன் போகச் சொல்லவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தான். காலை ஐந்தரை. இருட்டு. காலிப் பஸ்கள் தெருத்தெருவாக நின்று நின்று போகின்றன. ஆறரைக்குப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள், பை முதுகில், சின்னதுகள் குல்லாய் போட்டுக்கொண்டு, பஸ் இல்லை. போன் அடிக்கிறது, கிரெக்குக்கு, கிரெக்கிலிருந்து கோகிலாவுக்கு. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. லேப்டாப்பைத் திறக்கிறாள், தேடுகிறாள், அவன் எழுதிய வரிகளுக்குள் அலைகிறாள், செயல்திறன், செயல்திறன். கடைசியில் வான்கூவருக்குக் கூப்பிடுகிறாள். அங்கே மழை பெய்துகொண்டிருக்கிறது, அவன் ஜன்னல் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டு, "அழாத அம்மிணி, நான் சொல்றேன் கேளு" என்கிறான். இந்த இடத்தைப் பூபதி மூன்று தடவை ஓட்டிப் பார்த்தான். அழாத அம்மிணி. நாலாவது தடவை ஓட்டும்போது படம் நிற்காமல் மேலே போய்விட்டது. அக்டோபரில்தான் அவளுக்கு விசா அமலுக்கு வருகிறது, அடுத்த மாதமே இப்படி ஆனால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள், வேலை போனால் அறுபது நாள், அறுபது நாளில் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் போச்சு. அப்புறம் எங்கே போவாள்? வான்கூவருக்குத்தான் வருவாள். வந்து, பெட்டியை வைத்துவிட்டு, அவன் வீட்டில், அவன் விசாவில் இருப்பாள். இருக்கட்டுமே. புருஷன் பெண்டாட்டி சேர்ந்து இருப்பதில் என்ன தப்பு, அதற்காகத்தானே கல்யாணம். அப்படி நினைத்தபோது அவனுக்கே கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. ஏசிக் காற்று என்று எண்ணிக்கொண்டான். குல்லாய் போட்ட பிள்ளைகள் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒன்று, மூக்கு ஒழுகிக்கொண்டு, நேராக அவனையே பார்த்தது. அவனுக்குக் கோபம் வந்தது. பிள்ளைகள்மேலா, அவள்மேலா, அந்தப் பாழாய்ப்போன கம்ப்யூட்டர்மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"பருவத்துக்குப் பருவம் மாறுகிற எதுவும்? கோடை, குளிர்காலம், அப்படி?" என்றாள் கோகிலா ஆங்கிலத்தில். இவளுக்கு என்ன வந்தது இன்றைக்கு, சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறாள்? போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தது மாதிரி இருந்தது. "கோடை விடுமுறையில் பஸ் ஓடாது, அது முதல் நாளே சொன்னேன்" என்றான், தேவைக்கு அதிகமாக விறைப்பாக. "ஆமாம், சொன்னீர்கள்" என்று எழுதினாள். டங். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெய் போனான், சீனத்துப் பையன், அவனும் வெள்ளிக்கிழமை வான்கூவர் விமானத்தில்தான் வருகிறான், குலுக்கலில் விழாதவன். கையை ஆட்டிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குக் கவலையே இல்லை, பனிச்சறுக்கு விளையாடலாம் என்று பலகை வாங்கி வைத்திருக்கிறான். அவனுக்கு மட்டும் எப்படி நெஞ்சு எரியவில்லை? பெண்டாட்டி இல்லை, அதனால் எரியவில்லை. தெரியாத லட்சம் பேருக்கு விழுந்திருந்தால் பூபதிக்கும் எரிந்திருக்காது. தெரிந்தவளுக்கு விழுந்தது, அதுவும் பக்கத்துத் தலையணையில் படுத்திருக்கிறவளுக்கு, அதுவும் படுத்தவுடன் நிம்மதியாகத் தூங்குகிறவளுக்கு. அவள் தூங்கும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கும். முன்பு அதைப் பார்த்தால் பாசமாக இருக்கும், இப்போது பார்த்தால் உனக்கென்னடி என்று இருக்கிறது. ரீலொகேஷன் வேலையைப் பார்க்கிற கம்பெனி அம்மாள் போனில் கேட்டாள், முதல் இரண்டு மாதத்துக்குக் கம்பெனி ஒரு சின்ன அபார்ட்மென்ட் கொடுக்கும், ஒற்றைக் கட்டில் போதுமா, இரட்டைக் கட்டில் வேண்டுமா என்று. ஒற்றைக் கட்டில் போதும் என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். அவள் இங்கே இரண்டு பேர் படுக்கிற கட்டிலில் நடுவில் படுத்துக்கொள்வாள். காரை அவள் வைத்துக்கொள்வாள். அவன் நாற்காலியில் வேறு யாரோ உட்காருவார்கள், அவளோடு மதியச் சாப்பாட்டுக்குப் போவார்கள், அவள் சொல்கிற ஜோக்குக்குச் சிரிப்பார்கள். கிரெக் இப்போதே அவளைக் கோக்கி என்கிறார். இவனை மூன்று வருஷமாகப் பூபதி என்று முழுப் பெயரில், ஒவ்வொரு முறையும் தப்பாக. எரிகிறது. மாத்திரையை எடுத்து வாயில் போட்டான். சுண்ணாம்பு ருசி.

பதினொன்று இருபத்தைந்து. எல்லாத் திரையும் காட்டியாயிற்று, எல்லாக் கதவுக்கும் சாவி சொல்லியாயிற்று. கோகிலா பேனாவை மூடி வைத்தாள். "கடைசிக் கேள்வி" என்றாள். ஆங்கிலம்தான், ஆனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "எங்கும் எழுதி வைக்காதது, உங்களுக்கு மட்டும் தெரிந்தது, இன்னும் எதுவாவது இருக்கிறதா பூபதி?" நேராகப் பார்த்தாள். கல்யாணப் பேச்சுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது காபித் தட்டோடு இப்படித்தான் நேராகப் பார்த்தாள், அவன்தான் தட்டைப் பார்த்தான். இப்போது சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் சொன்னான், நல்லவன்தான், ஆனால் மெல்லிய குரல். இன்னொருவன் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு விநாடி என்று விரலை மட்டும் காட்டினான். செரிங்க மாமா. சிக்னல்கூட மாறவில்லை. "இல்லை" என்றான் பூபதி. "எல்லாம் சொல்லிவிட்டேன்." அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நன்றி சொல்லி ரெக்கார்டிங்கை நிறுத்தினாள், சிவப்புப் புள்ளி போயிற்று. முடிந்தது. பூபதி வயரை வேகமாகச் சுருட்ட ஆரம்பித்தான். அவள் எழுந்திருக்கவில்லை.

"மாமா" என்றாள். "நவம்பர்?"

"என்ன நவம்பர்?"

"டைம் மாத்துவாங்கல்லங்க. ஞாயித்துக்கெழம டைம்டேபிளைத் திருப்பி ஏத்தோணுமில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். கேட்ட பிறகுதான் அது ஒப்புதல் வாக்குமூலம் என்று உறைத்தது.

"போன நவம்பர் நாந்தானுங்க ஏத்துனேன். தீபாவளிப் பார்ட்டிக்குப் போய்ட்டு வந்து நீங்க அசந்து தூங்கிப்போட்டீங்க. எழுப்பி எழுப்பிப் பாத்தேன், எந்திரிக்கவே இல்ல. அதுக்கு முந்துன மார்ச்சுல நீங்க சமையல் மேடையில உக்காந்து பண்ணறப்ப பக்கத்துலதான நின்னேன், அத வச்சுத்தான் பண்ணுனேன். உங்க லேப்டாப்ல, உங்க பேருலயே."

மறுநாள் காலை எழுந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பார்ட்டிக்குப் போவதற்கு முன்பே ஏற்றிவிட்டோம்போல என்று அவன் நினைத்துக்கொண்டான், தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டுகூட இருந்தான். "ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பூபதி பிழைத்துக்கொண்டிருப்பான், அவனும் கத்தியிருப்பான், சிக்னலை இழுத்திருப்பான், இரண்டு விநாடியை நடுவில் போட்டிருப்பான். "ஆறு நாளா சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு நானும் கேட்டுட்டே இருந்தனுங்க" என்றாள் அவள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவன் சுருட்டின வயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மன்னித்துவிடு என்பது எவ்வளவு சின்னச் சொல், அதுகூட அவன் வாயில் வரவில்லை. அவள் கண்ணை அழுத்தித் துடைத்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, மறுபடி ரெக்கார்டிங்கை அமுக்கினாள்.

"மன்னிக்கவும், ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது" என்றாள் ஆங்கிலத்தில், அலுவலகக் குரலில், கொஞ்சமும் பிசிறு இல்லாமல். "பூபதி இப்போதுதான் நினைவுபடுத்தினார். மிக முக்கியமான விஷயம்." பிறகு நவம்பர் முதல் ஞாயிற்றையும் மார்ச்சையும் பற்றி, எந்தத் திரையில் போய் எதை எடுத்து எங்கே ஏற்ற வேண்டும் என்று, அவன் மூன்று வருஷம் ஒளித்து வைத்திருந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னாள். அவனால்கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் பூபதி சொன்னபடி, பூபதி சொன்னபடி என்று சேர்த்துக்கொண்டாள். பூபதிக்கு எரிந்தது. இதுவரை எரிந்ததெல்லாம் விசாவுக்காக. இது அது இல்லை. இவளால் எப்படி இப்படி இருக்க முடிகிறது, தன்னால் ஏன் முடியவில்லை என்பதற்காக எரிந்தது. இதற்குக் குலுக்கலைக் குறை சொல்ல முடியாது, அசிடிட்டி என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை.

"நான் சொன்னது சரிதானா பூபதி?" என்று கேட்டாள்.

தலையாட்டினான்.

"தலையாட்டினால் பதிவாகாது" என்றாள் மெதுவாக. "வாயால் சொல்லுங்கள்."

"சரி" என்றான் பூபதி. "கோகிலா சொன்னது எல்லாமே சரி." அதைச் சொல்லும்போது அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.